குடை பிடித்த சூசையப்பர்

ராயபுரத்தில் ‘குடில்’ யேசுதாஸ் வீடு என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வேறு எதுவும் கேட்காமல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவர் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ரிட்டையரான மனிதர். ஆனால் அந்த உத்தியோகம் தெருவில் யாருக்கும் நினைவில்லை. வருடத்தில் ஒரு மாதம் தன் முன்னறையில் அவர் எழுப்புகிற கிறிஸ்துமஸ் குடில்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

ஏதோ நாலு வைக்கோலும் ஒரு நட்சத்திரமும் வைத்த குடில் என்று நினைத்துவிட வேண்டாம். கோணிச்சாக்கைச் சிமெண்டுப் பாலில் முக்கி மலை செய்வார். தட்டுத் தட்டாகக் கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி போடுவார். சின்ன மோட்டாரில் ஆறு ஓடும். பெத்லகேமுக்குப் பின்னால் கிரேன், கப்பல், சரக்கு ரயில் எல்லாம் நிற்கும். சர்ச்சின் பங்குச் சாமியார் ஒருமுறை, "பெத்லகேம்ல ஏதுய்யா ஹார்பர்?" என்று கேட்டுவிட்டார். "பரிசு எட்துகினு வர்ற மூணு ராஜாங்களுக்கும் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் எங்க சாமி குடுக்குறது?" என்றார் யேசுதாஸ்.

இத்தனை தமாஷ் பேசுகிறவர் ஒரே ஒரு விஷயத்தில் கல்லாக நிற்பார். இருபத்து நாலாம் தேதி நடுராத்திரிப் பூசை முடிகிற வரைக்கும் குடிலில் மாதாவும் அவர் கணவர் சூசையப்பரும் காத்திருக்க, தீவனத் தொட்டி காலியாகத்தான் இருக்க வேண்டும். குழந்தை இயேசு பீரோவுக்குள் வெள்ளைத் துணியில் சுற்றியபடி இருக்கும். பிறக்காத குழந்தையை எப்படிக் காட்டுவது என்பது அவர் வாதம். பங்கில் குடில் போட்டிக்கு ஒருமுறை நடுவராகப் போனபோது, ஒரு தெருவே சேர்ந்து செய்த அருமையான குடிலை, குழந்தையை முன்னாலேயே வைத்துவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட்டு வந்தார். அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஃப்ரெடி மகன். ஃப்ரெடிக்குக் குடில் கட்ட வராது. அவன் கை பெரிசு, எதைத் தொட்டாலும் உடையும். அவன் வேலை உயரத்தில். செல்போன் டவர், புகைபோக்கி, பெரிய விளக்குக் கம்பம் என்று விமானத்துக்கு எச்சரிக்கையாகச் சிவப்பு விளக்கு எரிகிற இடமெல்லாம் அவனுக்கு ஆபீஸ். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறி, பழுதான விளக்கை மாற்றிவிட்டு இறங்குவான். மேலே போனவன் சும்மா வராமல் போட்டோ எடுக்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

அவனுடைய தோஸ்து சுஃபியான் மண்ணடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கட்டடங்களைப் படம் எடுப்பதற்கென்று வாங்கிய ஒரு லென்ஸ் அவனிடம் சும்மா கிடந்தது. "இத்த எட்துகினு போ மாமு. இது கழுத்து சுளுக்குன லென்ஸு. சாச்சிப் பாரு, அப்பால சொல்லு" என்று கையில் திணித்தான்.

அந்த லென்ஸோடு ஃப்ரெடி முதன்முதலில் ஏறியது எண்ணூரில், அனல் மின்நிலையத்துப் பக்கத்து டவரில். உச்சியில் உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்து, லென்ஸின் கழுத்தை மெல்லக் கீழே சாய்த்தான். படத்தில் ஒரு கீற்று மட்டும் பளிச்சென்று துலங்கியது. அதற்கு மேலும் கீழும் எல்லாம் கலங்கிக் கரைந்தது. கையெட்டும் தூரத்தில் உள்ள சின்னச் சாமானைத்தான் நம் கண் அப்படிப் பார்த்துப் பழகியிருக்கிறது. அதனால் அது ஏமாந்துபோகிறது. நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட், சாம்பல் மேடு, ஆற்று முகத்துவாரம், வலை போடுகிற படகு, எல்லாமே விரலால் எடுத்து நகர்த்தி வைக்கலாம் போலச் சுருங்கிப்போயின. புகைபோக்கியிலிருந்து வந்த புகை நிஜமாகவே பஞ்சுதான். "யேசப்பா" என்றான் ஃப்ரெடி. தினம் தினம் அந்தப் புகையை இருமிக்கொண்டே அதைத் திட்டித் தீர்த்தவன் அவன். அன்றைக்கு அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது. இடுப்புப் பெல்ட் இல்லையென்றால் நீண்ட கையோடு அவனும் போயிருப்பான்.

அப்புறம் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏறுகிற டவரிலிருந்தெல்லாம் எடுத்தான். திருவொற்றியூரில் கோபுரமும், அதை ஒட்டிப் போகிற மெட்ரோ ரயிலும். ஹார்பரில் அடுக்கி வைத்த கன்டெய்னர்கள், அவற்றுக்கு நடுவே எறும்பாக ஊர்கிற டிரெய்லர்கள். சிப்பாய்க் கலகத்துக்கும் முந்திய ராயபுரம் ஸ்டேஷன், அதன் உயரமான வெள்ளைத் தூண்கள், அதன் அருகே ஐஸ் குச்சி அளவுக்கு ஒரு ரயில். இத்தனை வருட ஊர், இத்தனை பேர் வாழ்ந்து செத்த ஊர், ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக் கொடுத்ததுபோல் இருந்தது. இவ்வளவு அழகான ஊரிலா இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

இந்தப் படங்களில் தன் தங்கையையும் சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

தங்கை ஜானட், பகலவன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு எம்.கே.பி. நகரில் குடியிருக்கிறாள். பகலவன் மாதவரம் பஸ் டெர்மினஸில் டைம்கீப்பர். பௌத்தர். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. சர்ச்சில் நடக்கவில்லை என்பதுதான் தன் கோபம் என்று யேசுதாஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சர்ச் ஒரு சாக்கு, கோபம் மாப்பிள்ளையின் ஜாதிமேல் என்பது அந்த ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் குடில் பார்க்க வருகிற கூட்டத்தோடு கூட்டமாக ஜானட்டும் வந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார்கள். மகள் வாசற்படியில் கால் வைத்ததைப் பார்த்த யேசுதாஸ் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அமர்த்தினார். மலை, ஆறு, கப்பல், நட்சத்திரம் எல்லாம் ஒரே நொடியில் இருண்டுபோயின. "கரண்டு போச்சு, எல்லாரும் கெளம்புங்க" என்றார். ஜானட் படியிறங்கி, ஃப்ரெடியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "இனிமே இந்த வாசப்படிய நானா மிதிக்க மாட்டேண்ணா. அவரா கூப்டணும்."

அவர் கூப்பிடவில்லை. அடுத்த செப்டம்பரில் குழந்தை பிறந்தது, மகிழினி என்று பேர் வைத்தார்கள், அப்போதும் கூப்பிடவில்லை. அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி எம்.கே.பி. நகருக்குப் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு, வியாசர்பாடியில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவாள். வீட்டில் குழந்தையின் பேச்செடுத்தாலோ, போனில் படம் காட்டினாலோ யேசுதாஸ் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரே மகள், ஒரே பேத்தி. இப்படியே விட்டால் உறவு விட்டுத்தான் போகும் என்ற பயம் ஃப்ரெடிக்கு வந்துவிட்டது.

அவனுக்குப் பெரிய திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. தங்கை ஒரு கடுகளவுக்காவது அந்த வீட்டுக்குள் வரட்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் வாரத்தில் எம்.கே.பி. நகர் டவர் ஒன்றில் விளக்கு பழுது. காலை வெயிலில் ஏறி உட்கார்ந்து ஜானட்டுக்குப் போன் போட்டான். "மொட்ட மாடிக்கு வா. புள்ளைய எட்துகினு வா. மாப்ளையும் வரட்டும்."

"இன்னாண்ணா வெளாட்டு? இப்பதான் குளிப்பாட்டிகினு கீறேன்."

"டப்போட தூக்கிகினு வா."

அவள் டப்போடுதான் வந்தாள். குளிப்பாட்டுகிற டப்புக்குள் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்து இளவெயிலில் வைத்தாள். பகலவன் லுங்கியோடு வந்து, குழந்தையின் கண்ணில் வெயில் படாமல் குடை பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் கட்டியிருந்த ரெண்டு ஆடுகள் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தன. ஃப்ரெடி லென்ஸைச் சாய்த்து, அந்தப் பளிச்சென்ற கீற்றை மெல்ல நகர்த்தி அந்த மாடியின் மேல் கொண்டுவந்து நிறுத்தினான். அடுக்கு வீடுகள், தண்ணீர் டேங்குகள், கொடியில் துணிகள், அவற்றுக்கு நடுவே அந்த மூன்று பேர். ஜானட் அவனை நோக்கிக் கையசைத்தாள். அங்கிருந்து பார்க்க அவள் விரல் நகத்தைவிடச் சின்னவள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படங்களை எல்லாம் பென் டிரைவில் போட்டு, சுவரில் மாட்டியிருந்த டிவியில் ஓடவிட்டான். யேசுதாஸ் முழங்கை வரை சிமெண்டுப் பாலோடு மடங்காத வலது காலை நீட்டிக் கீழே உட்கார்ந்து மலைக்குச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தார். மகன் எடுக்கிற போட்டோக்களை அவர் என்றைக்கும் மதித்ததில்லை. சும்மா ஒருதரம் தலையைத் தூக்கினார். தூக்கிய தலை இறங்கவில்லை.

"டேய். எவன்டா செஞ்சான் இத்த?"

ஃப்ரெடிக்குப் புரியவில்லை. "இன்னா நைனா?"

"குடிலுடா! எந்தப் பங்குல கீது? தண்டையார்பேட்டையா? எண்ணூரையே செஞ்சி வெச்சிகீறானே பாவி!"

அப்போதுதான் ஃப்ரெடிக்கு விஷயம் உறைத்தது. வேறு யார் பார்த்திருந்தாலும் மேலிருந்து எடுத்த படம் என்று சொல்லியிருப்பார்கள், அல்லது கம்ப்யூட்டர் வேலை என்றிருப்பார்கள். வாழ்நாளெல்லாம் குடில் கட்டியவர் கண்ணுக்கு அது குடிலாகத்தான் தெரிந்தது. இல்லை நைனா என்று சொல்ல வாயெடுத்தவனை, சமையலறை வாசலில் நின்ற சிலுவையம்மாள் கண்ணாலேயே அடக்கினாள்.

யேசுதாஸ் எழுந்து டிவி அருகே வந்துவிட்டார். பொறாமை கொஞ்ச நேரம்தான் நின்றது, அப்புறம் அதுவும் கரைந்துபோய் வெறும் பிரமிப்பு மட்டும் மிஞ்சியது. "பொகைக்குப் பஞ்சு வெச்சிகீறான், ஆனா அந்த வளைவு எப்டிடா வந்துச்சு?" என்றார். கன்டெய்னர்களைப் பார்த்து, "தீப்பெட்டிக்குப் பெயின்ட்டு. துரு கூடப் புடிக்க வெச்சிகீறான்டா, துரு!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். ராயபுரம் ஸ்டேஷன் வந்தது. தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நம்ம ஊருடா. இத்தினி வருசமா நான் இன்னாத்துக்கு எங்கியோ கீற பெத்லகேமைக் கட்டிகினு கீறேன்? இவன் நம்ம ஊரையே கட்டிட்டான். இவன் கையக் கண்ணுல ஒத்திக்கணும்."

"அடுத்தத பாரு நைனா" என்றான் ஃப்ரெடி.

எம்.கே.பி. நகர் மாடி வந்தது. யேசுதாஸ் மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"அட, தொழுவத்த மாடில வெச்சிகீறான்! ஆடு கீது. மாதா கீறாங்க, கைய ஆட்டிகினு. சூசையப்பரு..." நிறுத்தி, கண்ணைச் சுருக்கினார். "லுங்கி கட்டிகினு கொட புடிச்சிகினு நிக்கிறாரே! எந்த ஊர்லடா சூசையப்பரு கொட புடிச்சாரு?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னும் பார்த்தவர் மறுபடியும் யோசித்தார். "ஆனாலும் அதும் கரெக்டுதான். புள்ளைக்கு வெயிலு அடிக்குமில்ல. பெத்தவன்னா கொட புடிக்கத்தான் செய்வான். நமக்கு இது தோணவேயில்ல பாரு."

அப்புறம் டப்புக்குள் இருப்பதைப் பார்த்தார். முகம் சட்டென்று மாறியது.

"சே! எல்லாத்தயும் செஞ்சிட்டு இங்க கோட்ட வுட்டுட்டானே! இன்னும் டிசம்பரு பாதி கூட ஆவல, அதுக்குள்ள கொழந்தைய வெச்சிட்டான். பொறக்காத கொழந்தைய எப்டிடா வெப்பான்?"

ஃப்ரெடி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"அது பொறந்துடுச்சி நைனா" என்றான். "செப்டம்பர்லயே பொறந்துடுச்சி. நீதான் இன்னும் பாக்கல."

யேசுதாஸ் திரையிலிருந்து திரும்பவில்லை. சிலுவையம்மாள் பின்னால் வந்து நின்று, "இது குடிலு இல்லய்யா. டவர் மேல ஏறி உன் புள்ள எடுத்த படம். அந்த லுங்கிக்காரரு உன் மருமவன். கைய ஆட்டுறது ஜானட்டு" என்றாள்.

கொஞ்ச நேரம் முன்பு வரை அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்ன மனிதர் அப்படியே நின்றார். சிமெண்டு காய்ந்து கையில் வெள்ளைவெள்ளையாக வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு விரலை நீட்டி, டப்பைத் தொடப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டார். டிவி தானாக அடுத்த படத்துக்குப் போனது. அவர் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார்.

அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த ரெண்டு நாளும் அவர் யாரோடும் பேசவில்லை. மலை பாதி போர்த்தியபடி கிடந்தது. குடிலுக்குள் போட்ட விளக்குகளையும் எரியவிடவில்லை. கேழ்வரகு முளைக்கு மட்டும் தண்ணீர் தெளித்தார். தான் செய்தது உதவியா உபத்திரவமா என்று ஃப்ரெடிக்குப் பிடிபடவில்லை. வீட்டிலிருந்தால் பேஜாராக இருந்தது. மூன்றாம் நாள் காலையில், மாற்றிய விளக்கு மறுபடி மக்கர் செய்கிறது என்று போன் வந்ததும் தப்பித்தோம் என்று எம்.கே.பி. நகர் டவருக்கு ஓடினான்.

வேலையை முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் கேமராவை எடுத்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "உங்க நைனா சட்ட போட்டுகினு எங்கியோ கெளம்பிட்டாருடா. பீரோல கீற வெள்ளத் துணிய எட்துகினு போறாரு. பொம்மைய வெறுமன மேசமேல வெச்சிட்டுப் போயிட்டாரு. எனக்குப் பயமா கீது."

ஃப்ரெடி லென்ஸைச் சாய்த்து ஜானட்டின் பிளாக் பக்கம் திருப்பினான். வெகுநேரம் எதுவும் இல்லை. பால் வண்டி ஒன்று போயிற்று. தூரத்தில் கொருக்குப்பேட்டை யார்டில் சரக்கு ரயில் ஒன்று முக்கி முனகிக் கிளம்பியது. அப்புறம் ஒரு மஞ்சள் ஆட்டோ வந்து நின்றது, அதிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை இறங்கியது.

அந்த நடையை எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் அவனுக்குத் தெரியும். வலது முழங்கால் மடங்காத நடை.

அந்த பிளாக்கில் படிக்கட்டு வெளிப்பக்கம் திறந்திருக்கும். வெள்ளைச் சட்டை முதல் திருப்பத்தில் தெரிந்து மறைந்தது. ரெண்டாவது திருப்பத்தில் தெரிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது. மூன்றாவது திருப்பத்தில் நின்றது. நின்றதுதான், நகரவில்லை. கீழ்ப்பக்கமாகத் திரும்பியது. "வாணாம் நைனா, எறங்காத" என்று ஃப்ரெடி காற்றிடம் கெஞ்சினான். சுற்றிலும் ஊர் தன்பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருந்தது. ரயில் போனது, கப்பல் நின்றது, மணலி ரிஃபைனரிக் குழாயில் நெருப்பு எரிந்தது. அத்தனை பெரிய ஊரில் அந்த ஒரு வெள்ளைப் புள்ளியைத் தவிர வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை. அது மேலே போகுமா, கீழே போகுமா? ஊரையே கையில் எடுத்து வைக்கலாம் போலத் தெரிகிற லென்ஸ்தான், ஆனால் அந்த ஒரு மனுஷனை ஒரு படி மேலே தூக்கிவைக்க அவனால் முடியவில்லை.

ஒரு நாய் படியிறங்கி வந்தது. வெள்ளைச் சட்டை அதற்கு வழிவிட்டு ஒதுங்கியது. அப்புறம் மேலே ஏறியது.

மொட்டை மாடியில் ஜானட் முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டப் வெயிலில் இருந்தது. பகலவன் வேலைக்குப் போய்விட்டிருக்க வேண்டும். குடையை மட்டும் விரித்து, காற்றில் பறக்காமல் டப்பின் காதில் கட்டிவைத்திருந்தார். யேசுதாஸ் மாடிக் கதவருகே நின்றார். மகளைக் கூப்பிட்டாரா என்று ஃப்ரெடிக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் திரும்பினாள். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ரெண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முதலில் நகர்ந்தது அவர்தான். போய்க் குடைக்கு அருகில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். கொண்டுவந்த வெள்ளைத் துணியை உதறினார். டப்புக்குள்ளிருந்து எதையோ எடுத்து, அதில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். ஜானட் ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். மூன்று பேரும் ஒரே புள்ளியாகிப் போனார்கள்.

ஃப்ரெடி அந்த உயரத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு வாய்விட்டு அழுதான். படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. போன் அடித்தபோதுதான் கேமரா கழுத்தில் தொங்குவதே நினைவுக்கு வந்தது.

"டேய் ஃப்ரெடி, மேலதான் கீறியா?" யேசுதாஸின் குரல். பின்னால் குழந்தை வீல் என்று கத்தியது.

"ஆமா நைனா."

கீழே அவர் ஒரு கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. ஜானட் டவர் பக்கம் கை நீட்டிக் காட்டினாள்.

"இங்கேந்து பாத்தா நீதான்டா பொம்ம மாரி கீற" என்றார். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நெதம் இம்மாம் உயரத்துலயாடா வேல செய்யிற? நல்லா புடிச்சிகினு எறங்கு. நேரா வூட்டுக்குப் போ. குடில்ல லைட்டெல்லாம் எரியுதா பாத்து வையி. மாப்ள டூட்டி முடிஞ்சி அங்கியே வரட்டும். புள்ளைய தூக்கிகினு நாங்க இப்பவே வர்றோம்."